நாலு கட்டை அதிகம்

காலை ஆட்டாதே, குடும்பத்துக்கு ஆகாது என்று தொடையில் அடி வாங்காதவர்கள் நம் வயதில் யாராவது இருக்கிறீர்களா? இருந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர்கள். இப்போது நமக்கெல்லாம் முட்டி பிடித்துக்கொண்டது. ஆட்டு என்று சொன்னாலும் ஆடாது. பதினோரு வயதில் எனக்குக் கால் மட்டுமா ஆடியது? சாப்பிடும்போது விரல் தட்டில் தாளம் போடும். பள்ளிக்கூடத்தில் நான் ஆடுகிற ஆட்டத்தில் பெஞ்சு ஆடும், பக்கத்தில் இருப்பவளின் கையெழுத்தும் சேர்ந்து ஆடும். அம்மா எனக்கு வைத்த பெயர் 'நிக்காத வண்டி'. அந்தப் பெயர் எங்கள் தெரு முழுக்கப் பரவியிருந்தது.

தொண்ணூற்று நாலோ ஐந்தோ, சரியாக நினைவில்லை. பெங்களூர் மர்பி டவுனில் இருந்தோம். ஒரு அறை, அதன் பின்னால் சமையலறை, வாசலுக்கு நேரே தெருக்குழாய். விடிகாலையில் ராணுவ முகாமிலிருந்து பியூகிள் சத்தம் வரும். அது முடிவதற்குள் குழாயடியில் குடங்களின் சத்தம் தொடங்கிவிடும். நைனாவுக்கு, அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், அல்சூரில் சோபாவும் கட்டிலும் செய்கிற ஒரு பட்டறையில் கார்ப்பெண்டர் வேலை. அவர் வீட்டுக்குள் நுழையும்போதே வார்னிஷ் வாசனை நுழைந்துவிடும். தலைமுடியில் எப்போதும் மரத்தூள் இருக்கும். அம்மா துண்டால் தட்டிவிட்டுத்தான் உள்ளே விடுவாள்.

எங்கள் தெரு முனையில் சங்க ஹால் ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அங்கே புத்தர் படத்துக்கு முன்னால் பிரார்த்தனை நடக்கும். நைனா அதற்குப் போவார். அம்மா அதற்கும் போவாள், வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலுக்கும் போவாள். அதை வைத்து எங்கள் வீட்டில் சண்டை வந்ததே இல்லை. சண்டை வந்ததெல்லாம் என்னை வைத்துத்தான்.

அந்தக் கோடை விடுமுறையில் சங்கத்துக்கு யாரோ இசைக் கருவிகள் வாங்கிக் கொடுத்தார்கள். ஒரு ஜோடி தபேலா, இரண்டு கிடார், மூன்று கீபோர்டு. பிள்ளைகளுக்கு இலவச வகுப்பு. ஆளுக்கு ஒரு கருவியைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே சார். கல்யாண ஆர்க்கெஸ்ட்ராவில் கீபோர்டு வாசிக்கிறவர். கீபோர்டுதான் அவருக்கு உயிர், மற்றதெல்லாம் தெரிந்த வரைக்கும். இருபத்திரண்டு வயது இருக்கும். நிமிஷத்துக்கு ஒரு தரம் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். பெரிய ஆளாம், நம்மிடம் உட்கார நேரமில்லையாம் என்று நாங்கள் பின்னால் பேசிக்கொள்வோம்.

நான் முதலில் தபேலா எடுத்தேன். தட்டுகிற கைக்குத் தட்டுகிற கருவி, பொருத்தம்தானே? மூன்று நாள். அந்தப் பவுடர் வாசனை பிடித்திருந்தது. ஆனால் சம்மணம் போட்டு அரைமணி நேரம் உட்கார வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. கால் மரத்துப்போய் எழுந்து நின்றேன், திரும்ப உட்காரவே இல்லை. அடுத்தது கிடார். ஐந்தாம் நாள் விரல் நுனியெல்லாம் கொப்புளம். சோற்றில் ரசம் ஊற்றிப் பிசையும்போது கத்தினேன். அம்மா கிடாரையும் சாரையும் ஒன்றாகத் திட்டினாள். மறுநாள் கீபோர்டு வரிசையில் போய் நின்றேன்.

"மூணாவது!" என்றாள் அம்மா. "இவ இதையும் வுட்டான்னா அப்புறம் ஹால்ல இன்னா இருக்குது? ஃபேனும் சேரும்தான் பாக்கி."

ஆனால் கீபோர்டு வேறு மாதிரி இருந்தது. நாற்காலியில் உட்காரலாம், கீழே கால் ஆடினால் யாருக்கும் தெரியாது. பத்து விரலுக்கும் வேலை. முதல் நாள் ஒரு கட்டையை அழுத்தி, கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தேன். சத்தம் அறுபடாமல் நின்றுகொண்டே இருந்தது. நானும் நின்றேன். என் வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு நிமிஷம் எதுவும் ஆடவில்லை. அந்த நிமிஷத்திலேயே முடிவு செய்துவிட்டேன், இதை விடப்போவதில்லை என்று. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் யார் நம்புவார்கள்?

கீபோர்டு மூன்று, பிள்ளைகள் ஒன்பது பேர். ஆளுக்குப் பதினைந்து நிமிஷம்தான் கிடைக்கும். சார் முதல் வாரமே சொல்லிவிட்டார். "புத்த பூர்ணிமாவுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை டெஸ்ட். மூணு கீபோர்டு, மூணு பேரு. அந்த மூணு பேருதான் ஸ்டேஜ்ல பிரார்த்தனைப் பாட்டு வாசிப்பாங்க. ஜூன்ல இருந்து கிளாஸும் அவங்களுக்கு மட்டும்தான். மத்தவங்களுக்கு ஆய்த்து, முடிஞ்சுது."

இரண்டு பேர் வீட்டில் பழகுவதற்குச் சின்னதாக ஒரு கீபோர்டு இருந்தது. இதை அம்மா சாப்பாட்டு நேரத்தில் சொன்னாள், எனக்குக் கிடைக்காது என்பதை முன்கூட்டியே தெரியப்படுத்துகிற குரலில். நைனா மென்றுகொண்டே இருந்தார். தண்ணீர் குடித்த பிறகு ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

"ஊட்ல பழக ஒண்ணு இருந்தா நிப்பா."

அடுத்த பத்து நாள் அவர் பட்டறையிலிருந்து தாமதமாக வந்தார். பத்தாம் நாள் சாயங்காலம் பழைய பெட்ஷீட்டில் சுற்றி எதையோ தோளில் வைத்துக்கொண்டு வந்தார். கட்டிலில் வைத்துப் பிரித்தார். நான் இன்றுவரை அதைப் போல அழகான மரவேலையைப் பார்த்ததில்லை. தேக்குப் பலகையில் ஒரு கீபோர்டு. பதினைந்து வெள்ளைக் கட்டைகள், பதினான்கு கறுப்புக் கட்டைகள். ஒவ்வொன்றுக்கும் அடியில் சோபா ஃபோம் வைத்திருந்தார். அழுத்தினால் இறங்கும், விட்டால் ஏறும். ஓரங்களையெல்லாம் உப்புத்தாள் போட்டு மழமழவென்று தேய்த்திருந்தார். சத்தம் மட்டும்தான் வராது.

பக்கத்து வீடுகளிலிருந்தெல்லாம் வந்து பார்த்தார்கள். எதிர்வீட்டில் இருந்த அத்தை, நைனாவின் அக்கா, தம்பியின் கைக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டாள். நைனாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"கடையில கண்ணாடிக்கு வெளிய நின்னு பாத்துக்கினு வந்தேன்" என்றார். "அதுல ஒரு கோளாறு. அங்கங்க ரெண்டு வெள்ளைக்கு நடுவுல கறுப்புக் கட்டையே இல்ல. ஃபாரின் மாலுன்னு பேரு, வேலை கலீஜு. நான் ஒரு சந்து வுடல, எல்லாத்துலயும் வெச்சுட்டேன். பாரு, எப்டி வரிசையா நிக்குது!"

உங்களில் கீபோர்டு தொட்டவர்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். தொடாதவர்களுக்குச் சொல்கிறேன். அந்த இடைவெளிதான் கீபோர்டுக்குக் கண். இரண்டு கறுப்பு, ஒரு இடைவெளி, மூன்று கறுப்பு, மறுபடி ஒரு இடைவெளி. இரண்டு கறுப்புக்கு இடது பக்கம் ஒட்டி இருக்கிற வெள்ளைதான் 'ச' என்று சார் முதல் நாளே காட்டியிருந்தார். நைனாவின் கீபோர்டில் இடைவெளியே இல்லை. எங்கே 'ச', எங்கே 'ப' என்று யாராலும் சொல்ல முடியாது. பத்துக் கறுப்பு இருக்க வேண்டிய இடத்தில் பதினான்கு இருந்தது. நாலு அதிகம்.

எனக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. சொல்ல வாயைத் திறந்தேன். என் முகத்தைப் பார்த்த அம்மா முந்திக்கொண்டாள்.

"இன்னாடி, இதுவும் புடிக்கலியா?"

அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தபேலா, கிடார், இப்போது இது. தப்பாக இருக்கிறது என்று சொன்னால் யாரும் கட்டைகளை எண்ணிப் பார்க்கப் போவதில்லை. இதையும் விடுவதற்கு வழி தேடுகிறாள் என்றுதான் சொல்வார்கள்.

"புடிச்சிருக்குது நைனா" என்றேன். அது பொய்யும் இல்லை.

அதற்குப் பிறகு நான் பட்ட பாடு இருக்கிறதே! நைனா ஆறு மணிக்கு வருவார். முகம் கழுவிக்கொண்டு, டீ டம்ளரோடு முக்காலியில் உட்காருவார். "வாசி." நான் வாசிக்க வேண்டும். 'ச' எங்கே என்று தெரிவதற்கு அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை எடுத்து ஒரு வெள்ளைக் கட்டையில் ஒட்டிக்கொண்டேன். விரல் அழுத்த, வாய் பாட வேண்டும். ஃபோம் அமுங்குகிற சத்தமும் என் நகம் படுகிற சத்தமும்தான் கேட்கும். நைனா கண்ணை மூடித் தலையாட்டுவார். முடிந்ததும், "இன்னிக்கு நல்லா வந்துச்சு" என்பார். எது வந்தது என்று நான் கேட்டதில்லை.

பிரார்த்தனைப் பாட்டில் ஒரு இடத்தில் கறுப்புக் கட்டை வரும். ஹாலில் அது 'ச'விலிருந்து எண்ணினால் மூன்றாவது கறுப்பு. வீட்டில் நாலாவது. இரவெல்லாம் விரல் மடக்கி எண்ணிக்கொண்டே படுத்திருப்பேன். ஹாலில் மூணு, வீட்டில் நாலு, ஹாலில் மூணு, வீட்டில் நாலு. காலையில் ஹாலுக்குப் போனால் கை நாலில் போய் விழும். சார் நெற்றியைச் சுருக்குவார்.

"ஏம்மா, நேத்து கரெக்டா வாசிச்சியே. வீட்ல பழகுறியா இல்லியா?"

"பழகுறேன் சார்."

"எத்தினி நேரம்?"

"ரெண்டு மணி நேரம்."

"சுள்ளு சொல்லாதம்மா" என்று கடிகாரத்தைப் பார்ப்பார். நான் சொன்ன பொய்களையெல்லாம் விட்டுவிட்டு, சொன்ன ஒரே உண்மையைப் பொய் என்றார்.

கடைசியில் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். மத்தியானம் அம்மா அத்தை வீட்டுக்குப் போனதும் சிவப்புத் தரையில் சாக்பீஸால் சரியான கீபோர்டை வரைவேன். இரண்டு கறுப்பு, இடைவெளி, மூன்று கறுப்பு, இடைவெளி. குப்புறப் படுத்து அதில் வாசிப்பேன். முழங்கை சிவந்துவிடும். நாலரைக்கு ஈரத்துணியால் துடைத்து, தரை காய்வதற்குள் வாசலுக்கு ஓடிவிடுவேன். ஒரு நாள் அம்மா பார்த்துவிட்டாள், படத்தை அல்ல, துடைப்பதை. "இன்னாடி அதிசயம், சொல்லாமலே தரை துடைக்கிற? வயசுக்கு வரப்போறியா?" என்று கன்னத்தைத் தொட்டாள். அத்தையிடம் போய் பெருமையாகவும் சொன்னாள். ஆறு மணிக்கு நைனா வந்ததும் நாலாவது கறுப்புக்கு மாறிவிடுவேன். ஒரே பாட்டை இரண்டு விதமாகப் பழகினேன். அந்த ஏப்ரல், மே மாதங்களில் மர்பி டவுனிலேயே அதிகம் உழைத்தவள் நான்தான். அத்தனை உழைப்பும் நான் நிலையில்லாதவள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக.

டெஸ்ட் ஞாயிற்றுக்கிழமை. நைனாவுக்குப் பட்டறை லீவு. இஸ்திரி போட்ட சட்டை, வாரிய தலை, ஒரு பொட்டு மரத்தூள் இல்லை. அம்மாவும் அத்தையும் முன்வரிசையில். பெற்றோர் மேஜையைச் சுற்றி நின்று பார்க்கலாம் என்று சார் சொல்லிவிட்டார். மூன்று கீபோர்டும் அங்கே வரிசையாக இருந்தன. நைனா இதுவரை அவற்றைக் கிட்டத்தில் பார்த்ததே இல்லை.

எனக்கு முன்னால் ஒரு பையன் வாசித்துக்கொண்டிருந்தான். நைனா மேஜை அருகே போனார். பலகையின் ஓரம் நேராக இருக்கிறதா என்று பார்க்கும்போது செய்வது போலக் குனிந்து ஒரு கண்ணை மூடினார். அப்புறம் உதடு அசைந்தது. எண்ணுகிறார். இரண்டாவது கீபோர்டுக்குப் போனார். எண்ணினார். மூன்றாவதிலும் எண்ணினார். மூன்றிலும் ஒரே இடத்தில், ஒரே மாதிரி இடைவெளி. நிமிர்ந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். என்னைப் பார்க்கவில்லை.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். உட்கார்ந்தேன். உள்ளங்கையில் ஒளித்துக் கொண்டுவந்திருந்த பொட்டை 'ச'வில் ஒட்டினேன். சார் அதைப் பிய்த்து எடுத்தார். "இன்னாம்மா, கீபோர்டுக்குக் கல்யாணமா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வாசிக்க ஆரம்பித்தேன். நன்றாகத்தான் வந்தது. அந்தக் கறுப்புக் கட்டை வருகிற இடம் வந்தது. மூணு என்று மனசு சொன்னது. கண் ஓரத்தில் நைனாவின் இஸ்திரிச் சட்டை தெரிந்தது. கை நாலில் போய் விழுந்தது. இரண்டாவது அடியிலும் நாலு. மூன்றாவது அடியிலும் நாலு. கை தானாகப் போனதா, நான்தான் அனுப்பினேனா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அவருக்கு எதிரே, அத்தனை பேருக்கு நடுவில், அவர் செய்தது தப்பு என்று வாசித்துக்காட்ட எனக்கு மனசு வரவில்லை என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு வெறும் பயமாகவும் இருந்திருக்கலாம்.

சார் மூன்று பெயர் வாசித்தார். என் பெயர் இல்லை.

அம்மாவும் அத்தையும் முன்னால் நடந்தார்கள். "நான் அப்பவே சொன்னேன்" என்று அம்மா சொல்வது காதில் விழுந்தது. மழை பெய்து விட்டிருந்தது. ரோடு முழுக்கச் சிவப்பாகக் குல்மொஹர் பூ கொட்டிக் கிடந்தது. நைனா என் பக்கத்தில் மெதுவாக நடந்தார்.

"எப்ப தெரிஞ்சுது உனக்கு?"

"இன்னாது?"

"நாலு கட்ட ஜாஸ்தின்னு."

"மொத நாளே."

"அப்புறம் ஏன்டி சொல்லல?"

"சொன்னா இதையும் வுடப் பாக்குறேன்னு சொல்லுவீங்க எல்லாரும்."

நைனா நின்றுவிட்டார். ஒரு சைக்கிள்காரர் மணியடித்துக்கொண்டே எங்களைச் சுற்றிப் போனார். நைனா அழுவார் என்று பயந்தேன். அழவில்லை. என் கையைப் பிடித்தார். வீடு வரைக்கும் விடவில்லை. அந்தக் கை சொரசொரப்பாக இருந்தது. எனக்குத்தான் அழுகை வந்தது.

வீட்டுக்குப் போனதும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். உளியும் சுத்தியும் எடுத்தார். மரக் கீபோர்டை வாசல் வெளிச்சத்தில் வைத்து, காதில் செருகியிருந்த பென்சிலை என்னிடம் கொடுத்தார்.

"எது எதுன்னு நீயே குறி."

நான் குறித்தேன். அவர் தட்டினார். ஒவ்வொரு கட்டையும் வெளியே வரும்போது அம்மா, "ஐயோ, நல்லா இருந்ததை ஏன் ஒடைக்கிறீங்க?" என்றாள். நைனா நாலு பள்ளத்திலும் பட்டி அடைத்து, தேய்த்து, வெள்ளை பூசினார். அப்படியும் தெரிந்தது. எவ்வளவு பூசினாலும் அந்த நாலு இடமும் தெரியத்தான் செய்தது.

மறுநாள் பட்டறைக்குப் போகவில்லை. கீபோர்டைத் தோளில் வைத்துக்கொண்டு என்னோடு ஹாலுக்கு நடந்தார். பெட்ஷீட் சுற்றவில்லை. முன்பு வந்து பார்த்து மெச்சியவர்கள் எல்லோரும் வாசலில் நின்று கேட்டார்கள். "இன்னாப்பா, ரிப்பேரா?"

"தப்பா செஞ்சுட்டேன். நாலு கட்ட ஜாஸ்தி வெச்சுட்டேன்" என்றார். குழாயடியில் சொன்னார், டீக்கடையில் சொன்னார், ஹால் வாசலில் சங்கத்துக்காரர்களிடம் சொன்னார். கட்டில் இணைப்பில் ஒரு நூல் இடைவெளி என்று முதலாளி சொன்னால்கூட ஒத்துக்கொள்ளாத மனுஷன் அவர்.

சாரிடம் கீபோர்டை இறக்கி வைத்தார். "சார், பொண்ணு ஒரு மாசமா ரெண்டு மணி நேரம் இதுலதான் பழகுச்சு. இதுல தப்பு இருந்துச்சு. அது என் கைத்தப்பு, பொண்ணு தப்பு இல்ல. இப்ப சரி பண்ணிட்டேன். பாருங்க."

சார் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. வெள்ளை பூசிய நாலு இடத்தையும் விரலால் தடவினார். என்னைப் பார்த்தார். "நீ சுள்ளு சொல்லல" என்றார். பிறகு நைனாவிடம், "மூணு கீபோர்டுக்கு மூணு பேருதாங்க எடுக்க முடியும்" என்றார், தயங்கி.

"இது நாலாவது" என்றார் நைனா. "கரண்டு போனாலும் நிக்காது."

சார் சிரித்துவிட்டார். ஜூனில் நாலு பேர் சேர்ந்தோம். மூன்று பேர் நிஜத்தில் வாசிப்பார்கள், ஒருவர் மரத்தில். முறை மாற்றி மாற்றி. எங்களுக்குப் பிறகு வந்தவர்களும் அதில்தான் விரல் பழகினார்கள். புத்த பூர்ணிமா அன்று மேடையில் நான் இல்லை, கீழே உட்கார்ந்திருந்தேன். காலை ஆட்டிக்கொண்டுதான். அம்மா அன்று அடிக்கவில்லை.

ஒரு இசைக்கலைஞராக ஆனேனா என்று கேட்காதீர்கள். நாலு வருஷம் வாசித்தேன், பத்தாம் வகுப்பு வந்தது, நின்றது. நான் சொல்ல வந்தது அது இல்லை. நைனா போய் இரண்டு வருஷம் ஆகிறது. அம்மாவை எங்களோடு பெங்களூருக்கு வெளியே சந்தாபுராவுக்குக் கூட்டி வந்தோம். சார் அப்போது தினமும் இரண்டு பஸ் மாறி மர்பி டவுனுக்கு வந்ததும் இந்த ஊரிலிருந்துதான் என்று பிற்பாடு தெரிந்தது. பத்தரைக்கு ஹாலிலிருந்து புறப்படாவிட்டால் ஊர் வரை பஸ்ஸில் நின்றுகொண்டேதான் வர வேண்டும். அந்தக் கூட்டத்தை நான் இப்போது தினமும் அனுபவிக்கிறேன். பாவம், கடிகாரம் பார்க்காமல் என்ன செய்வார்?

வீடு மாற்றும்போது பீரோவைத் தூக்கினார்கள். காலுக்கு ஒன்றாக அடியில் நாலு கறுப்புக் கட்டைகள். தரை ஈரம் பட்டுப் பீரோ துருப்பிடிக்காமல் இருக்க நைனா வைத்தது. முப்பது வருஷம் அதன் மேல்தான் நின்றிருக்கிறது. எங்கள் வீட்டில் ஆடாமல் நின்ற ஒரே பொருள் அந்தப் பீரோ.

"தூக்கிப் போட்ரட்டா?" என்று அம்மா கேட்டாள். "புது ஊட்ல டைல்ஸு. கட்ட தேவையில்ல."

தேவையில்லைதான். புது வீட்டில் பீரோவை இறக்கும்போது, தூக்கி வந்தவர்களை ஒரு நிமிஷம் நிறுத்தி, நாலையும் பழையபடி காலுக்கு அடியில் நானே வைத்தேன்.